ஆயிரம் ரூபாய் எந்தத் தேதியில் வருகிறது?

ஜூன் பிறந்தால் வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தண்டல் கேட்டு அலைபவர்கள் அதிகமாகிவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். தண்டல் எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய் என்று பேசுவார்கள். 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் தருவார்கள். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம்தானே வட்டி' என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. 100 நாளுக்குச் சராசரி போட்டால் கடன்காரர் கையில் நிற்பது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கணக்கில் 80 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

அந்தப் பணத்தில் டேர்ம் ஃபீஸ், நோட்டு, ஷூ, கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம் எல்லாம் முடியும். அதே பிள்ளைக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. அது கணக்கில் ஏறுவது பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பாதியில். அதற்குள் தண்டல் கட்டி முடித்து, இரண்டாவது தண்டலும் வாங்கியிருப்பார்கள்.

கல்விக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினோம் என்று பேசுகிற அளவுக்கு, அந்தப் பணம் எந்தத் தேதியில், யார் கையில், எந்தச் செயலுக்காகப் போய்ச் சேருகிறது என்று நாம் பேசுவதில்லை. மாணவர், ஆசிரியர், தொழிலாளி என்று மூவரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒருவர் தன் கையால் செய்யக்கூடிய காரியத்துக்கு, அது தேவைப்படும் நேரத்தில் வரும் பணம் வேலை செய்கிறது. கடைசியில் வரும் எண்ணிக்கைக்காகக் கொடுக்கும் பணம் அந்த எண்ணிக்கையை மட்டும் கொண்டுவந்து சேர்க்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் வட சென்னையிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ என எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். இது புதிதாக முளைத்த திட்டம் இல்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் இருந்த திருமண நிதியுதவியைத் திருப்பி அமைத்ததுதான். தொடக்கத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு பத்தாம் வகுப்புக்கு 25,000, பட்டம் அல்லது டிப்ளமோவுக்கு 50,000, கூடவே தாலிக்குத் தங்கம் என்று வளர்ந்தது.

இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய திட்டத்தில் தொகை பெரியது, ஆனால் கல்யாணத்தன்று குடும்பத்தின் கைக்கு வரும். எட்டாவது, பத்தாவது வரை பெண்ணைப் படிக்க வைக்க அது ஒரு காரணமாக இருந்தது. அந்தக் காலத்தில் அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் முதலாண்டு கல்லூரியில் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அது உதவாது. புதிய திட்டத்தில் தொகை சிறியது, ஆனால் படிக்கிற மாதத்தில், படிக்கிற பெண்ணின் பெயரிலுள்ள கணக்கில் வருகிறது. நின்றுவிட்டால் பணமும் நின்றுவிடும். 'காசு ஏறிச்சாம்மா?' என்று அம்மா கேட்கும்போதே 'காலேஜ் போறியா?' என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அதே ஆயிரம் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. காசிமேட்டில் ஏலக்கூடத்தில் கூடை தூக்கினாலும், பெயின்டிங்குக்குப் போனாலும், கேட்டரிங் சர்வீஸில் பரிமாறினாலும் 17 வயதுப் பையனுக்கு அன்றன்றைக்குக் காசு கிடைக்கும். நாளுக்கு 600 ரூபாய், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15,000 ஆகிறது. அதற்கு முன்னால் 1,000 ரூபாய் நிற்காது. கூலிக்கு ஈடு கொடுக்கும் தொகையாக இதைப் பார்த்தால் திட்டம் தோற்றதாகத் தோன்றும். கல்லூரிக்குப் போவதற்கான கைச்செலவை ஈடுசெய்யும் தொகையாகப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பெண்ணின் ஆயிரத்தில் கொஞ்சம் மிஞ்சும். பையன் விஷயத்தில் சனிக்கிழமைக் கூலிதான் உண்மையான போட்டி. அரசுக் கல்லூரிகளின் ஷிஃப்ட் முறை இங்கே அவனுக்குப் பெரிய உதவி. ஒரு ஷிஃப்ட் படித்துவிட்டு மறு பாதி நாள் வேலைக்குப் போக முடிவதால்தான் பல பேர் மூன்றாம் ஆண்டு வரை வருகிறார்கள். ஷிஃப்ட் நேரத்தை நடுவில் மாற்றும் கல்லூரி நிர்வாகம் அதைத் தெரிந்துகொண்டு மாற்றட்டும்.

பணம் வராமல் போவது எங்கே? பெரும்பாலும் வங்கியில். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'விண்ணப்பித்தும் வரவில்லை' என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். நேரடிப் பணப் பரிமாற்றத்தில் அரசு அனுப்பும் பணம் நீங்கள் படிவத்தில் எழுதிக் கொடுத்த கணக்குக்குத்தான் போகும் என்று இல்லை. ஆதார் எண்ணோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்குப் போகும். ஒரு பெண் பள்ளிக்காலத்தில் ஒரு வங்கியில் கணக்கு தொடங்கியிருப்பாள், கல்லூரியில் இன்னொன்று. நடுவில் சிம் கார்டு வாங்கும்போது விரல் ரேகை வைத்ததில் ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கும் திறந்திருக்கும். அது அவளுக்கே தெரியாது. ஆயிரம் ரூபாய் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். மை ஆதார் தளத்தில் எண்ணைப் போட்டு, போனுக்கு வரும் ஓடிபி கொடுத்தால் எந்த வங்கி இணைந்திருக்கிறது, இணைப்பு செயலில் இருக்கிறதா என்று காட்டும். வேறு வங்கி என்றால், பணம் வர வேண்டிய கிளைக்குப் போய் ஆதார் சீடிங் படிவம், அதாவது அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரும்படி ஆதாரை இணைக்கும் படிவம், எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஆதார் கொடுத்தாச்சு' என்று கிளையில் சொல்வது பல நேரம் கேஒய்சிக்கு, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்கு, கொடுத்த நகலைத்தான். கேஒய்சி வேறு, சீடிங் வேறு. இரண்டு நாள் கழித்து மறுபடி அதே தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, 18 வயது. மைனர் கணக்கு அந்த வயதில் தானாக மேஜர் கணக்காகாது. கையெழுத்தும் கேஒய்சியும் புதிதாகக் கொடுக்கும் வரை பணம் எடுக்க முடியாமல் நிற்கும். கல்லூரியில் சேரும் வயதும் அதுவே. இரண்டு வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கும் செயலிழந்துவிடும். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் 100 ரூபாய் போட்டு 50 ரூபாய் எடுத்து வைப்பது நல்லது. பெயர்ப் பொருத்தமும் பார்க்க வேண்டும். பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் எங்காவது ஒரு இடத்தில் தட்டும். பள்ளி மாணவர் பதிவான எமிஸ் எண் கல்லூரி மாணவர் பதிவான யுமிஸோடு சேர வேண்டும். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு '6 முதல் 12 வரை அரசுப் பள்ளி' என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். எட்டாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு ஆசைப்பட்டு ஒரு வருடம் மாற்றிவிட்டுத் திரும்ப வந்த குடும்பங்கள் இதைப் பிறகுதான் தெரிந்துகொள்கின்றன. பள்ளி மாற்றுவதற்கு முன்பே தலைமை ஆசிரியர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஒரு வருட மாற்றத்தின் விலை லட்சக்கணக்கில் போகலாம்.

தேதி தவறினால் நல்ல திட்டமும் எப்படி வலுவிழக்கும் என்பதற்கு இன்னொரு உதாரணம் இடைநிற்றலைத் தடுக்கும் சிறப்பு ஊக்கத்தொகை. பத்தாம் வகுப்புக்கு 1,500, பதினொன்றுக்கு 1,500, பன்னிரண்டுக்கு 2,000, ஆக 5,000 ரூபாய். 2011-12 முதல் நடப்பது. ஆனால் அது முதலீடாகப் போடப்பட்டு, பன்னிரண்டு முடித்த பிறகே கைக்கு வரும். பத்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் 'இனிமே போகல' என்று முடிவெடுக்கும் பையனுக்கு இரண்டரை வருடம் கழித்து வரும் 5,000 கண்ணில் படாது. அப்படி ஒரு தொகை இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இதைவிட நன்றாக அமைந்தது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி, இரண்டுக்கும் தலா 90 நிமிடம். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். இதில் பிள்ளைகள் கோட்டைவிடுவது இரண்டு இடத்தில். ஒன்று, மனத்திறன் பகுதி. எண் தொடர், குறியீடு, படத்தொடர் போன்றவை வகுப்பில் நடத்துவதில்லை. பழைய வினாத்தாளில் தினம் 20 கேள்வி வீதம் மூன்று மாதம் போட்டால் கை பழகிவிடும். இரண்டு, புதுப்பித்தல். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி மாறும் பிள்ளையை எந்தப் பள்ளி புதுப்பிப்பது என்ற குழப்பத்தில் தேதி போய்விடும்.

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் மூலக்கடையிலிருந்து மின்ட் வரை தொங்கும் ஃபிளெக்ஸ் பேனர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மாணவரைக் கொண்டுவந்தால் இவ்வளவு என்று ஏஜென்ட்டுக்குப் பணம். சில தனியார் கல்லூரிகளில் பேராசிரியர்களுக்கே 'இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்' என்று இலக்கு வைத்து, மே மாதச் சம்பளத்தை அதோடு முடிச்சுப் போடுகிறார்கள். அப்படி வீட்டுக்கு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'சார், இந்தப் படிப்புக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் பணம் வருமா?' வராது என்றால் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று அடுத்துக் கேளுங்கள். ஓராண்டு 'நர்சிங்' டிப்ளமோ, 'ஃபயர் அண்ட் சேஃப்டி' என்று பெரும் தொகை கேட்கும் பல இடங்கள் இந்தக் கேள்வியிலேயே பின்வாங்கிவிடும்.

இனி ஆசிரியர்கள். ஆசிரியருக்குச் சம்பளத்தைக் கூட்டினால் பாடம் நன்றாக நடக்குமா என்ற கேள்விக்கு இந்தோனேசியாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சான்று பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் இரட்டிப்பானது. அவர்களின் மனநிறைவு கூடியது, பணக்கஷ்டம் குறைந்தது, பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. ஆந்திராவில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய சோதனையில் வேறு வழி பிடித்தார்கள். வகுப்பின் சராசரி மதிப்பெண் முந்தைய ஆண்டைவிட எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்து, 5 சதவீதப் புள்ளிக்கு மேல் உயரும் ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். சராசரியாக அது ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம்தான். இரண்டே ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஐந்தாண்டு பார்த்தபோது, பள்ளிக்கு மொத்தமாகக் கொடுத்த இடங்களில் பலன் தேய்ந்தது. தனி ஆசிரியருக்குக் கொடுத்த இடங்களில் நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் அளந்தது முன்னேற்றத்தை. நம் ஊரில் கொண்டாடப்படுவது நூறு சதவீதத் தேர்ச்சி. வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஆறாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வரும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் 45 மதிப்பெண் எடுக்க வைப்பது பெரிய உழைப்பு. அந்த உழைப்புக்கு எந்தப் பாராட்டு விழாவிலும் இடம் இல்லை. நூறு சதவீதம் மட்டும் கணக்கு என்றால், அந்த நூறை எட்டச் சுலபமான வழி தேறாத பிள்ளையை வெளியே அனுப்புவது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் 'வேற ஸ்கூல் பார்த்துக்கோங்கம்மா' என்று டிசி கொடுக்கும் தனியார் பள்ளிகள் செய்வது அதைத்தான். அந்தப் பிள்ளை பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் சேர்கிறது. அங்கே தேர்ச்சி விகிதம் இறங்குகிறது. தலைமை ஆசிரியர் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டை நடத்துகிற பழக்கமும் இதே நூறின் வேலை. அதை நிறுத்தத்தான் 2017-18-இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அது ரத்து. பழைய பழக்கம் திரும்பாமல் பார்க்க வேண்டிய பொறுப்பு இப்போது பெற்றோரிடமும் இருக்கிறது. ஜூலையில் பிள்ளையின் பையைத் திறந்து எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள்.

அரசுப் பள்ளியில் எண்ணிக்கை வேறு விதமாக வேலை செய்கிறது. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துப் பணியிடம் நிர்ணயம் ஆகிறது. எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி; பணிநிரவலில் எங்கோ போக வேண்டும். அதனால் வராத பிள்ளையின் பெயரை நீக்க யாருக்கும் மனம் வராது. பெயர் இருக்கும்வரை அந்தப் பிள்ளையை இடைநின்றவர் பட்டியலில் சேர்த்துத் தேடிப்போவதும் நடக்காது. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு 50,000-க்கும் மேற்பட்டோர் வரவில்லை என்று தெரிந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. கொரோனா ஆண்டில் தேர்வில்லாமல் பத்தாவது தாண்டிய பிள்ளைகள் அவர்கள். திடீரென்று ஒரே நாளில் காணாமல் போகவில்லை. அவர்களில் பலர் வகுப்பை விட்டு எப்போதோ போய்விட்டவர்கள், பதிவேட்டில் மட்டும் இருந்தார்கள்.

உயர்கல்வி படிக்கும் ஆசிரியருக்கு முன்பு ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. கூடுதல் பட்டம் ஒன்றுக்கு அடிப்படை ஊதியத்தில் 6 சதவீதம், வாழ்நாள் முழுக்க. 36,400 ரூபாய் அடிப்படை ஊதியம் உள்ள பட்டதாரி ஆசிரியருக்கு அது மாதம் 2,184 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். பிறகு ஒரே தவணையாக முதுநிலைக்கு 20,000, முனைவர் பட்டத்துக்கு 25,000 என்று வந்தது. பழைய முறையில் ஒன்பது மாதத்தில் கிடைத்த பணம் இப்போது மொத்தத்துக்கும். ஆசிரியர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொலைநிலைக் கல்வியில் வாங்கிய எம்.ஃபில். ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கை நன்றாக நடத்த உதவியதா என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. மிச்சப்பட்ட பணம் வகுப்பறைக்குத் திரும்பியிருந்தால் இந்த மாற்றத்தை நான் ஆதரித்திருப்பேன்.

அதைவிடப் பெரிய அநீதி ஒரே வேலைக்குப் பல சம்பளம். 2009 ஜூன் 1-க்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை 8,370, அன்றோ பிறகோ சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. அந்த இடைவெளி ஊதியக்குழு வந்த பிறகும் வளர்ந்துகொண்டே போகிறது. ஓவியம், தையல், உடற்கல்விக்கு 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள் இன்னும் பகுதிநேரமாகவே இருக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000, அதுவும் ஆண்டில் 11 மாதம். பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் சொன்ன உச்சவரம்பு மாதம் 50,000. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த வட சென்னை அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் கணிசம். மாலையில் டியூஷன், சனி ஞாயிறு கோச்சிங் சென்டர் என்று ஓடினால்தான் வீட்டு வாடகை கட்ட முடியும். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத ஒருவர் மூன்றாண்டு மாணவரைக் கைப்பிடித்துக் கொண்டுபோவது கடினம்.

சிறிய பணம் சரியான இடத்தில் விழுந்ததற்கு இல்லம் தேடிக் கல்வியைச் சொல்லலாம். 2021 அக்டோபரில் தொடங்கியது. தெருவிலேயே இருக்கும் படித்த பெண்கள் மாலையில் 20 பிள்ளைகளை உட்கார வைத்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை ஆறே மாதத்தில் பிள்ளைகள் மீட்டார்கள் என்றும், அந்த மீட்பில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் ஆய்வு காட்டியது. ஹவுசிங் போர்டு மாடிப்படியிலும் கோயில் திண்ணையிலும் நடந்த வகுப்புகள் இவை. ஆயிரம் ரூபாய் அந்தப் பெண்களுக்குச் சம்பளம் ஆகாது. அந்த உழைப்புக்கு இன்னும் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தொழிலாளர் பக்கம் வருவோம். பயிற்சி மையங்களுக்குப் பணம் எப்படிப் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், சான்றிதழ் கொடுத்ததும் 50, வேலை கிடைத்தால் மீதி 20. அதாவது ஆளைச் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் மையத்துக்கு 80 சதவீதம் வந்துவிடும். வேலை தேடித் தரும் சிரமத்துக்குக் கிடைப்பது மிச்சம் 20. மையம் எதில் அக்கறை காட்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

வெல்டிங் இதற்கு நேர்மாறு. மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகள் பராமரிப்புக்காக ஷட்டவுன் எடுக்கும்போது பைப் வெல்டர் தேவை. அங்கே சான்றிதழைக் காட்டினால் உள்ளே விடமாட்டார்கள். சோதனைத் துண்டு அடித்துக் காட்ட வேண்டும். 6ஜி என்ற சோதனை என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பிடித்துவிட்டு, வெல்டர் சுற்றி வந்து அடிப்பது. ரூட் என்ற அடி அடுக்குக்கு டிக் (TIG) வெல்டிங், அதன்மேல் நிரப்பும் ஃபில்லிங்குக்கும் மேல் அடுக்கான கேப்பிங்குக்கும் 7018 ராடு என்பது வழக்கமான முறை. முடித்ததும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பையன்கள் தோற்பது பெரும்பாலும் ரூட்டில். இரண்டு துண்டுக்கும் இடையில் 2.5 முதல் 3 மில்லி இடைவெளி சீராக இல்லாவிட்டால், அடியில் ஒரு பக்கம் உருகாமல் நிற்கும், இன்னொரு பக்கம் ஒழுகும். பைப்பின் கீழ்ப்பக்கம், ஆறு மணி நிலையில், கை நடுங்கும் இடம் அது. அடுத்த காரணம் ஈரம். கடலோரக் காற்றில் திறந்து வைத்த 7018 ராடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; 300 டிகிரிக்கு மேல் ஓவனில் காய வைக்காமல் அடித்தால் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் துளை தெரியும், விரிசலும் வரலாம்.

இதில் தேர்ந்தால் ஹெல்பர் கூலிக்கும் வெல்டர் கூலிக்கும் உள்ள வித்தியாசம் அந்த வாரமே கைக்கு வருகிறது. அதனால் பையன்கள் யாரும் சொல்லாமலே ஸ்கிராப் பைப் வாங்கி இரவில் பழகுகிறார்கள். ஆனால் '6ஜி சர்டிபிகேட்' என்று பணம் வாங்கிக்கொண்டு காகிதம் தரும் மையங்களிடம் ஏமாற வேண்டாம். ஆலைகள் பின்பற்றும் ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியியல் தர விதிப்படி வெல்டரைத் தகுதிப்படுத்துவது அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம். நிறுவனம் மாறினால் பொதுவாக மறுபடி சோதனை உண்டு. அதே முறையில் 6 மாதம் வேலை செய்யாவிட்டால் தகுதி காலாவதி. மையத்தில் சேரும் முன் கேட்க வேண்டியது: ஒரு ஆளுக்கு எத்தனை பைப் ஜாயின்ட் அடிக்கக் கொடுப்பீர்கள், எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவீர்களா? பைப்புக்கும் ராடுக்கும் செலவு ஆகும் என்பதால் பல மையங்கள் பிளேட்டில் அடிக்க வைத்தே நாளை ஓட்டிவிடுகின்றன.

அப்ரண்டிஸ் விஷயத்தில் பணம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் வீடுகளில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பின் அப்ரண்டிஸுக்கு மதிப்பு அதிகம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள்; முடித்தவர்களுக்கு ரயில்வேயின் ஆரம்பநிலையான லெவல் 1 பணியில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் ஒரு வேலையோடு நேராகச் சேர்ந்திருப்பதால் அந்தப் பகுதிப் பையன்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. தனியார் ஆலையில் கணக்கு வேறு. 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை, பத்தாம் வகுப்புக்கு 6,000, ஐடிஐக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டத்துக்கு 9,000 என்று இருந்தது. ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, 1,500 வரை, தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு நேராகப் பயிற்சியாளர் கணக்கில் போடுகிறது. மேலே சொன்ன ஆதார் சீடிங் தவறு இங்கேயும் பணத்தை நிறுத்தும். அப்ரண்டிஸ் சட்டப்படி அவர் தொழிலாளி இல்லை, பயிற்சியாளர், பி.எஃப். பிடிக்க வேண்டியதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கவும் வேண்டும். குறைந்த செலவில் வருடா வருடம் புது ஆள் கிடைக்கும்போது, முடித்தவரை நிரந்தரமாக்க ஆலைக்குத் தூண்டுதலே இல்லை. ஃபிட்டர் படித்த பையன் 12 மாதமும் ஒரே மெஷினில் பார்ட்டை ஏற்றி இறக்கிவிட்டு வெளியே வருகிறான்.

சேரும் முன் பார்க்க வேண்டியது ஒப்பந்தம். அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவாகி, ஒப்பந்த எண் வந்திருக்க வேண்டும். அதில் எந்தத் தொழில், எத்தனை மாதம், எவ்வளவு ஸ்டைபண்ட் என்று இருக்கும். பட்டம், டிப்ளமோ படித்தவர்களுக்குத் தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம் பார்க்கும் வேறு தளம். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியது நிறுவனம்தான். பயிற்சியாளர் என்று சொல்லித் தப்ப முடியாது. ஒப்பந்த எண்ணே கொடுக்காமல் 'டிரெயினி' என்று அடையாள அட்டை மட்டும் மாட்டிவிட்டு 12 மணி நேர ஷிஃப்ட் வாங்கினால், அந்தப் பிள்ளை அப்ரண்டிஸ் சட்டத்துக்குள் வரவே இல்லை. அந்தச் சட்டம் முதலாளிக்குக் கொடுக்கும் விலக்கும் அங்கே கிடையாது. குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் ஓவர்டைம் இரட்டைச் சம்பளமும் கேட்டுத் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். வருகைப் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட், அடையாள அட்டை நகல் மூன்றையும் வேலையில் இருக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே அனுப்பிய பிறகு அவை கைக்குக் கிடைப்பது கஷ்டம்.